உறக்க மூச்சுத்தடை

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதால், மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் நோய். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை கணநேரம் விழித்து மூச்சை மீட்கும். காலையில் இது எதுவும் பெரும்பாலும் நோயாளிக்கு நினைவிருக்காது. அருகில் படுத்திருப்பவரே முதல் சாட்சி: உரத்த குறட்டை சட்டென அடங்கும், அறை நிசப்தமாகும், பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. இதை அசந்த தூக்கம் என்று விட்டுவிடுவது பெரும் தவறு.

காலைத் தலைவலி, பகலில் கண்ணயர்தல், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை பிற அறிகுறிகள். பருமனும் தடித்த கழுத்தும் வாய்ப்பைக் கூட்டும், ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்களிடம் சோர்வும் தூக்கமின்மையுமே முன்னால் தெரிவதால், மனச்சோர்வு என்று கருதப்பட்டு நோய் தப்பிவிடுவதுண்டு.

மெல்போர்ன் மருத்துவர் மரே ஜான்ஸ் பகல் தூக்கத்தை அளக்க 1991இல் வெளியிட்ட எப்வொர்த் வினாத்தாளில் மதிப்பெண் 24க்கு 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி எனலாம். அது நோயை உறுதி செய்யாது. உறுதி செய்வது பாலிசோம்னோகிராம்: மூளை அலை, கண்ணசைவு, மூச்சோட்டம், நெஞ்சசைவு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை இரவு முழுதும் பதியும் சோதனை. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 முறை முதல் லேசான நிலை, 15 முதல் மிதமானது, 30 முதல் கடுமையானது. திறன் கைக்கடிகாரம் காட்டும் தூக்கக் கணக்கு இந்தச் சோதனைக்கு ஈடாகாது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ அணுகலாம். அதற்கு முன் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. சில வகை மாத்திரைகளும் மதுவும் தடையைக் கூட்டும்.

மூக்குக் கவசம் வழியே காற்றழுத்தம் தந்து பாதையைத் திறந்துவைக்கும் ‘சிபாப்’ கருவியே முதன்மைச் சிகிச்சை. சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் இதை அறிமுகப்படுத்தினர்.