கரையேறும் நீரின் கணக்கு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அலை கரையேறினால் எந்தத் தெரு வரை, எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கும்? இதைக் கணிக்கும் 'அனுகா' என்ற மென்பொருளை அக்காலத்தில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகமும் அரசின் ஜியோசயன்ஸ் அவுஸ்திரேலியாவும் கன்பராவில் உருவாக்கின. நிலத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உட்புகும் நீரையும் வெளியேறும் நீரையும் பதியும். எங்கள் காசேடு போலத்தான்! தாய்லாந்தின் படோங் கடற்கரையில் நீர் ஏறிய தடங்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

2006இல் மூலநிரலையே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெரிய விடயம்தான். ஆனால் பராமரிப்பு? பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கு 2020இல் ஆதரவு நின்றது. பழைய நிரலை மூன்றாம் பதிப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புது வசதி எதுவும் காட்டாத இத்தகைய வேலைக்கு எந்தப் பாதீட்டிலும் இலகுவில் இடம் கிடையாது. இருந்தும் மாற்றினார்கள். ஆற்று வெள்ளத்துக்கும் அதே கணக்குத்தான். பிளாக்டவுன் மாணவர் எவரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.