ரெண்டு லைன் இருந்தும் ஏன் நெரிசல்? ஆர்பாநெட் படிச்ச பாடம்

வீட்டுல ரெண்டு இன்டர்நெட் இணைப்பு இருந்தா வேகம் ரெண்டு மடங்காகும்னு நினைக்கிறது சகஜம். பத்தும் பத்தும் இருபது, இதுல என்ன பெரிய கம்பசூத்திரம்னு தோணும். ஆனா போக்குவரத்தைப் பல லைன்களுக்குப் பிரிச்சு விடுற இந்த வேலையோட ஆர்பாநெட் 1969-லேர்ந்து 1987 வரைக்கும் மல்லுக்கட்டியிருக்கு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போறேன். கொஞ்சம் டெக்னிக்கல்தான், பயந்துடாதீங்க :-)

1969-ல ஆர்பாநெட் ஆரம்பிச்சப்போ இன்னைக்கு ரவுட்டர் பார்க்கிற வேலையை ஐஎம்பி-ன்னு ஃப்ரிட்ஜ் சைஸ் இயந்திரங்கள் பார்த்தன. செஞ்சு கொடுத்தது பிபிஎன் நிறுவனம். எந்த லைன்ல பாக்கெட்டை அனுப்பலாம்னு முடிவு பண்ண, அந்த லைன்ல எத்தனை பாக்கெட் காத்திருக்குன்னு எண்ணினாங்க. வரிசை சின்னதா இருக்கா, அந்தப் பக்கம் போ. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லைனோட வேகம் கணக்குலயே வரல. ரெண்டு பாக்கெட் நிக்கிற 9.6 கிலோபிட் லைன், மூணு பாக்கெட் நிக்கிற 56 கிலோபிட் லைனைவிட உசத்தியாத் தெரியும்! பாக்கெட்டுகள் போய்ச்சேர வேண்டிய இடத்தை விட்டுட்டு, சின்ன வரிசையைத் தேடி அலைஞ்சதுதான் மிச்சம்.

1979-ல மெக்வில்லன், ரிச்சர், ரோசன் மூணு பேரும் புது முறை கொண்டுவந்தாங்க. வரிசையை எண்ணாம, ஒவ்வொரு லைன்லயும் பாக்கெட்டுக்கு ஆகுற தாமதத்தையே அளந்து, 10 விநாடிக்குச் சராசரி எடுத்து, மாற்றம் பெருசா இருந்தா நெட்வொர்க் முழுக்கச் சொல்லிடுறது. நெரிசல் குறைவா இருந்தப்போ இது பிரமாதமா வேலை செஞ்சது. கூட்டம் சேர்ந்ததும்தான் வினையே.

ரெண்டு பகுதிகளுக்கு நடுவுல ரெண்டே லைன்னு வெச்சுக்குங்க. 'அ' நிரம்பி வழியுது, 'ஆ' காலி. செய்தி எல்லா ஐஎம்பிக்கும் போகுது. எல்லாம் ஒரே கணக்கைப் போட்டு, ஒரே முடிவுக்கு வந்து, மொத்தமா 'ஆ'வுக்குத் தாவுது. அடுத்த அளவீட்டுல 'ஆ' திணறுது, 'அ' ஈயோட்டுது. திரும்பவும் மொத்தமா ஓட்டம். ரயில்வே கவுண்டர்ல பக்கத்து வரிசை காலின்னு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல பாயுறதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான். எந்த நேரத்துலயும் ஒரு லைன் சும்மா கிடக்கும். காசு கொடுத்தது ரெண்டு லைனுக்கு, பயன் ஒண்ணுலதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. நெரிசலான 9.6 கிலோபிட் லைன், காலியான 56 கிலோபிட் லைனைவிட 127 மடங்கு மோசமாத் தெரிஞ்சது. அதாவது அந்த ஒரு லைனைத் தவிர்க்க 126 லைன் சுத்திப் போனாலும் லாபம்னு கணக்கு சொல்லும்!

1987-ல இதைச் சரிபண்ணினாங்க. விவரத்தை 1989-ல கன்னா, ஜிங்கி ரெண்டு பேரும் ஆய்வுக்கட்டுரையா எழுதினாங்க. வைத்தியம் ரொம்ப எளிமை. ஒரு லைன் எவ்வளவு திணறினாலும், அது காலியா இருக்கும்போது உள்ள விலையைப் போல 3 மடங்குக்கு மேல காட்டக்கூடாது. பழைய அளவையும் சேர்த்துச் சராசரி எடுக்கணும். ஒரே தடவையில விலை தடாலடியா ஏறவோ இறங்கவோ கூடாது. இதனால என்ன ஆச்சுன்னா, கொஞ்சமா சுத்தினாலே போதும்கிற போக்குவரத்து மட்டும் முதல்ல விலகிச்சு, மத்தது அங்கேயே இருந்துச்சு. எல்லாருக்கும் ஆகச்சிறந்த வழி வேணும்னு அடம்பிடிக்காம, சராசரியா எல்லாருக்கும் நல்ல வழி கிடைச்சாப் போதும்னு இறங்கி வந்தாங்க. அவ்வளவுதான் விஷயம்.

ஆர்பாநெட்டை 1990-ல மூடிட்டாங்க. அதுக்கப்புறம் பரவலான ஓஎஸ்பிஎஃப் முறையில லைனோட விலை பொதுவா நிலையானது, நெரிசலுக்கு ஏத்த மாதிரி ஆடாது. விலை சமமா இருக்கிற வழிகள்ல போக்குவரத்தைப் பிரிச்சுக்கலாம். அதையும் பாக்கெட் பாக்கெட்டாப் பிரிச்சா வம்பு. ஒரே கோப்போட பாக்கெட்டுகள் முன்னபின்ன வந்தா, நடுவுல ஏதோ தொலைஞ்சு போச்சுன்னு டிசிபி முடிவுகட்டி வேகத்தைக் குறைச்சிடும். அதனால ஒரு இணைப்போட பாக்கெட் எல்லாத்தையும் ஒரே வழியில அனுப்புறதுதான் வழக்கம். ஒரே இணைப்பை ரெண்டு லைன்லயும் ஓட்டுற மல்டிபாத் டிசிபி 2013-ல வந்துச்சு, ஆனா அதுக்கு ரெண்டு முனையும் ஒத்துழைக்கணும்.

வீட்டுல ரெண்டு லைன் போட்டும் ஒரே ஒரு டவுன்லோடு வேகமாகாததுக்குக் காரணம் இதுதான். வீட்டுல நாலு பேர் ஆளுக்கொரு வேலை பார்க்கும்போதும், ஒரு லைன் படுத்துக்கும்போதும்தான் ரெண்டாவது லைனோட அருமை தெரியும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்குங்க.