உரசிவிட்டுப் போன புரோட்டான்கள்

இரண்டு புரோட்டான்களை நேருக்கு நேர் மோதவிட்டால் என்ன ஆகும்? உடையும், புதுசு புதுசாகத் துகள்கள் தெறிக்கும். பேரும் புகழும் அந்தத் தெறிப்பில்தான். ஆனால், பல மோதல்களில் எதுவுமே ஆகாது. லேசாக உரசி, துளியூண்டு திசை மாறி, இரண்டும் முழுசாகப் போய்க்கொண்டே இருக்கும். போனது இரண்டு, வந்ததும் அதே இரண்டு. வரவும் செலவும் பைசா சுத்தமாக டேலி! இதற்கு மீள்சிதறல் என்று பெயர். இதில் ஆராய என்ன இருக்கிறது?

இருந்தது.

1971, ஜனவரி 27. ஜெனிவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடம். ஐ.எஸ்.ஆர். என்ற இயந்திரம், உலகிலேயே முதன்முறையாக இரண்டு புரோட்டான் கற்றைகளை மோதவிட்டது. ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனாலும் புரோட்டானின் ‘பருமன்’, அதாவது இன்னொரு புரோட்டானுக்கு அது எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பது, ஒரு கட்டத்துக்கு மேல் மாறாது என்றே அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். சோவியத் மேதை பொமரான்சுக் 1958-ல் சொன்ன தேற்றமும் அந்த அனுமானத்தின் மேல்தான் நின்றது. ‘இல்லை, வளரும்’ என்று ஹெய்சன்பர்க் 1952-லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எப்படி அளப்பது? நிழலைப் பார்த்து ஆளின் அகலத்தைச் சொல்கிற மாதிரிதான். அநேகமாக வளையாமல் நேரே போகிற புரோட்டான்களை எண்ணினால், மொத்தப் பருமனையும் கணக்குப் போட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால், அவை கற்றையை விட்டு நூலிழைதான் விலகும். கருவியைக் கற்றைக்குப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். வைத்தால், கற்றை கொஞ்சம் தடுமாறினாலும் கருவி பாழ்!

ரோம் நகரத்து உகோ அமால்டி குழு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. (துகள் இயற்பியல் செய்த இந்த ஆட்கள் இருந்தது, இத்தாலி அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில்!) கருவியை ஓர் உலோகச் சட்டிக்குள் வைத்து, துருத்தி மாதிரி நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாயால் கற்றைக் குழாயோடு இணைத்தார்கள். கற்றை நிதானத்துக்கு வரும்வரை சட்டி ஒதுங்கி நிற்கும். பிறகு மெல்ல மெல்ல உள்ளே தள்ளி, கற்றைக்குச் சில மில்லிமீட்டர் பக்கத்தில் நிறுத்துவார்கள். ரோம்காரர்களின் சட்டி என்பதால் ‘ரோமன் பாட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1973-ல் முடிவு வந்தது. ஐ.எஸ்.ஆர். எட்டிய ஆற்றல் எல்லைக்குள்ளேயே பருமன் பத்து சதவீதம் போல ஏறியிருந்தது. மோதல்களை மொத்தமாக எண்ணிப் பார்த்த பைசா-ஸ்டோனி புரூக் குழுவும் தனியாக அதையே சொன்னது. இரண்டு வழி, ஒரே விடை. அப்புறம் யார் மறுப்பது? ஹெய்சன்பர்க் அப்போது உயிரோடு இருந்தார். பொமரான்சுக் 1966-லேயே போய்விட்டார்.

அதே 1973-ல் லுகாசுக், நிகோலெஸ்கு என்ற இருவர் இன்னொரு குண்டைப் போட்டார்கள். மிகப் பெரிய ஆற்றலிலும், புரோட்டானோடு புரோட்டான் உரசுவதும் எதிர்ப்புரோட்டானோடு புரோட்டான் உரசுவதும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்றார்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணமானதற்குப் பிற்பாடு வந்த பெயர், ‘ஆடெரான்’. ஐ.எஸ்.ஆரின் கடைசி நாட்களில் அதன் சாயல் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? 1984-ல் இயந்திரத்தையே மூடிவிட்டார்கள்.

செர்னின் ராட்சத மோதுகளத்தில் டோடெம் குழு மறுபடி ரோமன் பாட்களை இறக்கியது, மோதும் இடத்திலிருந்து 220 மீட்டர் தள்ளி. ஐ.எஸ்.ஆரைப் போல இருநூறு மடங்கு ஆற்றலில், புரோட்டானின் பருமன் இரண்டரை மடங்காகியிருந்தது. அமெரிக்காவின் டி-ஜீரோ குழு எடுத்துவைத்திருந்த எதிர்ப்புரோட்டான் கணக்கோடு டோடெம் கணக்கை ஒப்பிட்டு, 2021-ல் இரு குழுவும் சேர்ந்து ‘ஆடெரான் இருக்கிறது’ என்று அறிவித்தன. நாற்பத்தெட்டு வருஷம்! இரண்டு கணக்கும் ஒரே ஆற்றலில் எடுத்தவை அல்ல; டோடெம் எண்களை டி-ஜீரோவின் ஆற்றலுக்கு இறக்கிக் கணித்துத்தான் ஒப்பிட்டார்கள். கோட்பாட்டுக்காரர்கள் சிலர் இன்னும் தலையாட்டவில்லை.