கரும்புள்ளியில் வீசிய காற்று

மிச்சி ஸ்மித் கோடைக்கானல் மலையில் வானாய்வகத்தை நிலைநிறுத்திய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1907இல் அங்கே வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட்.

1909 ஜனவரி 5ஆம் தேதி சூரியக் கரும்புள்ளி ஒன்றின் நிறமாலையை அவர் படமெடுத்தார். புள்ளியைச் சுற்றியுள்ள மங்கல் வளையத்தில் உலோகக் கோடுகள் இடம்பெயர்ந்திருந்தன. ஒரு பக்கம் ஊதாவை நோக்கி, எதிர்ப்பக்கம் சிவப்பை நோக்கி. இந்தப் பெயர்ச்சியைக் கொண்டு கணக்கிட்டால் அங்குள்ள வாயுவின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 கி.மீ.

இந்த எண்ணின் அருமை புரிய வாயுக்களின் இயல்பு தெரிய வேண்டும். வெப்பச் சமநிலைக்கு வந்த வாயுக் கலவையில் மூலக்கூறுகள் மோதி மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதால், எல்லா இனத்துக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே. ஆகவே லேசானது வேகமாகவும் கனமானது மெதுவாகவும் பறக்கும். கோடைக்கானலின் 15 டிகிரிக் காற்றில் நைட்ரஜன் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர், நீராவி 630 மீட்டர். ஓர் இனத்துக்குள்ளும் மந்தம் முதல் அதிவேகம் வரை எல்லாம் உண்டு. எந்த வேகத்தில் எத்தனை பங்கு என்று 1860இல் கணக்குச் சொன்னவர் மாக்ஸ்வெல். கலவையில் இருந்தாலும் ஒவ்வோர் இனமும் தனக்குரிய பரவலையே பின்பற்றும்.

சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அங்கே ஹைட்ரஜன் அணு வினாடிக்கு 12 கி.மீ. ஓடுகிறது, இரும்பு அணு வெறும் 1.6 கி.மீ. எவர்ஷெட் அளந்த ஓட்டமோ ஏறக்குறைய இரும்பின் சொந்தப் பரபரப்பு அளவுதான். பிறகு எப்படிப் பிரித்தறிந்தார்?

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் கூட்டத்தில் ஆளுக்கொரு வேகம்; முந்துவாரும் பின்தங்குவாரும் உண்டு; ஆனாலும் கூட்டம் மொத்தமாகப் பழனிப் பக்கம் நகர்கிறது. அணுக்களின் தனித்தனி ஓட்டம் எல்லாத் திசையிலும் சிதறுவதால் கோட்டை இருபுறமும் அகலப்படுத்தும், அவ்வளவே. வாயு மொத்தமாக நகர்ந்தால்தான் கோட்டின் மையமே இடம்பெயரும். எவர்ஷெட் கண்டது இரண்டாவது வகை.

கரும்புள்ளி ஒரு சுழல் என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது. சூரிய விளிம்பை ஒட்டிய புள்ளிகளில் பெயர்ச்சி தெளிவாகவும், வட்டின் நடுவில் இருந்த புள்ளிகளில் இல்லாமலும் இருந்ததை வைத்து, ஓட்டம் பரப்பை ஒட்டியது என்றும், சூரிய வட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் மட்டும் பெயர்ச்சி தெரிந்து, அதற்குக் குறுக்கான திசையில் தெரியாததை வைத்து, வாயு சுழலவில்லை, வெளிநோக்கிப் பாய்கிறது என்றும் எவர்ஷெட் முடிவு கட்டினார். என் கணிப்பில், பெயர்ச்சியைக் கண்டதைவிட புள்ளிகளை இப்படிப் பொறுமையாக ஒப்பிட்டதுதான் பெரிது. உலகம் இன்றும் இந்த வெளிநோக்கிய ஓட்டத்தை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது.

அவர் மனைவி மேரியும் தேர்ந்த வானியலாளர். தாந்தேயின் வானியலைப் பற்றி நூல் எழுதியவர். அவர் கதை அடுத்த வாரம்.