பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் குழவி வளர்ச்சியும்

பிள்ளைத்தமிழின் பருவங்கள் புலவர் வகுத்த வெறும் மரபோ, தாயர் கண்டறிந்த வளர்ச்சி நிலைகளோ என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்குரிய பத்துப் பருவங்கள். பாட்டியல் நூலாருட் சிலர் இவற்றை 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரை இரண்டிரண்டு திங்கள் இடையிட்டு அமைப்பர். இச்சீரான இடையீடு இயற்கையன்று. நூலமைதி கருதியது என்பது வெளிப்படை.

எனினும் பருவங்களின் வரிசை முழுவதும் கற்பனையெனத் தள்ளுதற்கில்லை. கிடைத்துள்ள முழுமையான பிள்ளைத்தமிழ்களுள் முற்பட்டது, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழாகும். அதற்கு முற்பட்ட பெரியாழ்வார் திருமொழியில் தாலும் அம்புலியும் செங்கீரைக்கு முன்னரே நிற்கின்றன. ஆயின், கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடை ஆகிய மூன்றும் அங்கும் இம்முறையிலேயே வருகின்றன. பிற்காலத்தார் கூறும் வருகை இத்தளர்நடையின் நிலையே. எனவே, குழவியின் உடல் தானே அடையும் நிலைகள் முறை பிறழவில்லை. வளர்ப்போர் தாலாட்டியும் நிலவு காட்டியும் நிகழ்த்தும் செயல்களே இடம் மாறியுள்ளன என்பது பெறப்படும்.

சங்க நூற்சான்றும் இதற்கு அரண் செய்கின்றது. தச்சச் சிறுவரும் விரும்புமாறு புனைந்த, ஏறி ஊர்தற்காகாத சிறுதேரை உருட்டிய புதல்வர், தளர்நடையால் வருந்திச் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. பாட்டியலார் இறுதியில் வைத்த சிறுதேர், அங்குத் தளர்நடைக் காலத்திற்கே உரியதாகின்றது. நடக்கத் தொடங்கிய குழவிக்குப் பாலூட்டல் நின்றுவிடவில்லை என்பதும் அதனாற் புலனாகும். செவிலியர் அமர்ந்த செல்வமனையின் வழக்கை எல்லாக் குடிக்கும் ஏற்றியுரைத்தல் மட்டும் பொருந்தாது.

இனித் திங்கட்கணக்கை நோக்குவோம். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழவிகளை ஆய்ந்து உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, நலமுடைய குழவிகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 திங்கள் முதல் 17½ திங்கள் வரை விரிகின்றது. வருகைக்குரிய 13-ஆம் திங்கள் இவ்வெல்லைக்குள் அமைவது உண்மையே. ஆயினும், அத்திங்களில் நடவாத குழவியைக் குறையுடையதெனக் கருதும் தாய்க்குப் பாட்டியல் சான்றாகாது. வரிசையை ஏற்று, எண்ணை இலக்கண அமைதியாகக் கொள்வதே நெறி.

பிள்ளைத்தமிழ் உணர்த்தும் வளர்ப்பு முறை பிறிதொன்றிலும் விளங்கும். செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக எனத் தாய் குழவியை வேண்டி நிற்கின்றாள், யாண்டும் வற்புறுத்துவதில்லை. குழவியின் ஆற்றல் முகிழ்க்கும் பொழுதறிந்து அதனை அன்பால் அழைத்தலே வளர்ப்பு என்னும் கொள்கை இவ்விலக்கிய வகையின் அடிப்படையில் அமைந்துள்ளது என்பது எம் துணிபு.