மூலமும் பிரதியும்

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் நம்மவர் பலர் இன்று ஒரு நல்ல காமிராவையும் உடன் கொண்டு செல்கின்றனர். தில்லிக்கோ மும்பைக்கோ திரும்பியபின், எடுத்த படங்களைக் கணிப்பொறியில் இட்டுப் பார்க்கும்போது அவர்களுக்கு ஒரு திகைப்புக் காத்திருக்கிறது. 300 முறை பொத்தானை அழுத்தியிருக்க, 600 கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு. பெயர் ஒன்றே, வாலில் மட்டும் வேற்றுமை. ஒன்று 'ஜேபெக்', சிறியது, எந்தக் கருவியிலும் உடனே திறக்கும். மற்றது 'ரா' எனப்படும் கோப்பு, சமைக்காத அரிசி போன்றது, பன்மடங்கு பெரியது, பல கருவிகளில் திறக்கவே மறுப்பது. காமிராவை இரண்டையும் பதியுமாறு அமைத்துவைத்ததன் விளைவு இது. "இவ்விரண்டில் எது படம்? எதை அழித்துவிடலாம்?" என்பதே வீட்டில் எழும் முதற் கேள்வி.

இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. இதற்கு 180 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகெர் தம் முறையை உலகறிய வெளியிட்டார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மீது ஒளி தானே உருவத்தை வரைந்தது. அழகில் அதற்கு ஈடில்லை. ஆயினும் அத்தகடு ஒன்றே ஒன்று. அதற்குப் பிரதி கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பார் வேறு வழியிற் சென்றுகொண்டிருந்தார். லாகாக் என்னும் ஊரில் இருந்த தம் மாளிகையின் சன்னல் ஒன்றை 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் தபால்தலை போன்ற சிறு தாளிற் பதித்தார். வெளிச்சம் கறுப்பாகவும், நிழல் வெண்மையாகவும் விழுந்த தலைகீழ்ப் படம் அது. 1841இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் அத்தகைய தாளொன்றிலிருந்து நேர்ப்படங்கள் எத்தனை வேண்டுமாயினும் எடுக்கலாம். தலைகீழ்ப் படத்துக்கு 'நெகடிவ்' என்றும், நேர்ப்படத்துக்குப் 'பாசிடிவ்' என்றும் பெயரிட்டவர் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல்.

அன்று தொட்டுப் புகைப்படத்திற்கு இரண்டு உடல்கள் உண்டாயின. நாம் காண்பது மூலமன்று. மூலம் காண்பதற்கு உகந்ததன்று.

இவ்விரட்டை உடலின் இயல்பை நம் தஞ்சைப் பெரிய கோயிலே சாட்சியாக நின்று கண்டிருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர், 1857ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டு, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களுக்குப் பெருங்காமிராவையும் மருந்துகளையும் கொண்டு சென்றார். மெழுகூட்டிய தாளே அவருடைய நெகடிவ். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாகப் பதிவு செய்து, பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டை வாசிக்க விரும்பும் அறிஞர் கோயிலுக்கு வராமலே வாசிக்கவேண்டும் என்பது நோக்கம். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தாள் நெகடிவில் வானம் சரியாகப் பதிவதில்லை. வெறும் வெளுப்பாகவோ, திட்டுத்திட்டாகவோ நிற்கும். டிரைப் தூரிகை எடுத்து நெகடிவின்மேலேயே மேகங்களை எழுதினார். மரங்களின் இலைகளையும் திருத்தினார். அப்படங்களில் நாம் காணும் மேகங்கள் எல்லாம் அன்று தென்னாட்டு வானில் மிதந்தவை அல்ல. நெகடிவ்கள் சில பிழைத்திருப்பதனாலேதான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பிரதி மட்டும் எஞ்சியிருந்தால் வானிலை ஆராய்ச்சியாளர் ஏமாந்திருப்பர்!

படங்கள் பெருகப் பெருக, எந்தப் பிரதி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அறிவது பெரும் பாடாயிற்று. 1863இல் இந்தியாவுக்கு வந்து இமயமலைகளில் அலைந்து படமெடுத்த சாமுவேல் பூர்ன், தம் கண்ணாடி நெகடிவ்களிலேயே எண்ணைப் பொறித்தார். எண் பிரதியிலும் தானே விழுந்தது. செகந்தராபாத்தில் நிலையம் நடத்தி நிஜாமின் அரசவைப் படக்காரராக விளங்கிய ராஜா தீன்தயாளும் அவ்வாறே எண்ணிட்டார். பின்னர் நம் ஊர்க் கடைத்தெரு ஸ்டூடியோ வரையில் இப்பழக்கம் இறங்கி வந்தது. திருமணப் படத்தின் பின்புறம் பென்சிலால் ஓர் எண் இருக்கும். பத்தாண்டு கழித்தும் அவ்வெண்ணைச் சொன்னால், கடைக்காரர் பரணிலுள்ள பெட்டியைத் திறந்து நெகடிவைத் தேடி எடுத்து மற்றொரு பிரதி போட்டுத் தருவார். மூலத்தையும் பிரதியையும் பிணைத்தது அவ்வெண் என்னும் ஒற்றை நூலிழையே.

இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூர்ன் 1870இல் தாயகம் திரும்பியபோது அவருடைய கண்ணாடித் தகடுகள் ஏறத்தாழ 2,200 'பூர்ன் அண்டு ஷெப்பர்டு' நிலையத்திலேயே தங்கின. அவற்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் புதுப் பிரதிகள் எடுத்து விற்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிலையத்தில் மூண்ட தீயில் அவை அழிந்தன. பிரதிகள் உலகமெங்கும் உள்ளன. எண்களும் அவற்றில் உள்ளன. அவ்வெண்களைக் கொண்டு தேடிச் செல்லப் பெட்டி இல்லை. நிலையமும் 2016இல் மூடப்பட்டது.

மூலம் கையில் இருப்பதன் பெருமையை உணர்த்தியவர் அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ். இளமையிற் பியானோ பயின்றவர் ஆதலால், நெகடிவ் இசையமைப்பாளர் எழுதிய சுரக்குறிப்பு என்றும், பிரதி அதனை வாசிக்கும் கச்சேரி என்றும் அவர் கருதினார். நமக்கு இது எளிதில் விளங்கும். கீர்த்தனை ஒன்றுதான், பாடுவோர் மனோதர்மம் வேறு. 1941இல் நியூ மெக்ஸிகோவின் சிற்றூர் ஒன்றின்மேல் நிலவெழும் காட்சியை அவர் எடுத்தார். அந்த ஒரே நெகடிவிலிருந்து பல்லாண்டுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டார். முற்காலப் பிரதிகளில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகளோடு இருக்கிறது, பிற்காலத்தில் காரிருளாகிவிட்டது. முதற் பிரதியோடு மூலத்தை எறிந்திருந்தால் பிற்காலக் கச்சேரிகள் நிகழ்ந்தே இரா.

இனிக் கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம். 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஃபிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் சமைத்தார். 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் எழுத 23 விநாடிகள் பிடித்தன. அதே நிறுவனத்தில் பிரைஸ் பேயர் என்பவர் வண்ணத்திற்கு வழி கண்டார். காமிராவின் ஒளியுணர் தகட்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தையே அளக்கும். நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்ற நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பவேண்டும். அக்கணக்குச் செய்வதற்கு முந்திய அளவுகளின் தொகுதியே 'ரா'. ஆகவே அது இன்னும் படமன்று, கழுவாத நெகடிவ். காமிராவின் பின்திரையில் நாம் காண்பது அதனுள் பொதிந்துவைத்த சிறு ஜேபெக் உருவமே.

ஜேபெக்கின் கதையில் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார். பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, படத்தைச் சுருக்கும் கணித முறையொன்றை ஆராய 1972இல் அங்குள்ள தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார், மறுக்கப்பட்டது. ஆராய்ச்சியை விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் அம்முறையை வெளியிட்டார். 1992இல் சர்வதேச வல்லுநர் குழு வகுத்த ஜேபெக் நியமம் அதன்மேல் எழுந்தது. படத்தை 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுட்பங்களைக் கழித்துவிடுவது அதன் வேலை. கழித்தது திரும்ப வராது. 'ரா' ஒவ்வொரு புள்ளியிலும் 4,096 அல்லது 16,384 படி ஒளியளவுகளைக் குறித்துவைக்க, ஜேபெக்கில் நிறமொன்றுக்கு 256 படிகளே எஞ்சும்.

இவ்விரண்டையும் பிணைக்கும் இழை எது? மறுபடியும் எண்ணேதான். 1998இல் ஜப்பானியத் தொழிற்சங்கம் ஒன்று வகுத்த விதிப்படி, காமிராக் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளாலானது. முதல் நான்கு காமிரா செய்வோர் விருப்பம், பின் நான்கு 0001 முதல் 9999 வரையிலான எண். ஒரே உறையில் ஒரே எண் பெற்ற கோப்புகள் ஒரே பொருளாகக் கொள்ளப்படும். பூர்ன் கண்ணாடியிற் பொறித்ததற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. 9999 முடிந்ததும் எண் மீண்டும் 0001 ஆகிவிடும். இரு வேறு ஆண்டுகளின் படங்கள் ஒரே பெயர் தாங்கி நிற்கும்.

படந்திருத்தும் மென்பொருள்கள் இவ்வெண்ணை நம்பியே இயங்குகின்றன. 2007இல் வெளிவந்த 'லைட்ரூம்', இரட்டையரைக் காணின் ஒரே படமாகவே காட்டும், 'ரா'வையே திருத்தும், ஜேபெக் அதன் பக்கத்துணையாக நிற்கும். மென்பொருளுக்குள்ளேயே பெயர் மாற்றினால் இரண்டும் மாறும்; இடம் பெயர்த்தால் இரண்டும் பெயரும். இரண்டையும் தனித்தனிப் படங்களாகக் காட்டுமாறு விருப்பப் பட்டியலில் மாற்றிக்கொள்ளவும் கூடும். 'டார்க்டேபிள்' என்னும் இலவச மென்பொருளோ இரண்டையும் சேர்த்து ஒரு குழுவாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும். மூன்றாவதாக ஒரு துணையும் உண்டு. 'ரா'வைப் பெரும்பாலான மென்பொருள்கள் அழித்தெழுதுவதில்லை. செய்த திருத்தங்களைத் தனிக் குறிப்பாகவே வைக்கும். அக்குறிப்புக் கோப்பும் அதே பெயரைக் கொண்டே தன் தலைவனை அறியும். குறிப்புகளை மென்பொருளின் பேரேட்டுக்குள் மட்டுமே விட்டவர்கள் துன்புற்றதும் உண்டு. 'அபர்ச்சர்' என்ற மென்பொருள் 2005இல் பிறந்து 2015இல் விற்பனையினின்று மறைந்தபோது, அதிற் பல்லாண்டு உழைத்தோரின் திருத்தங்கள் வேறு மென்பொருளுக்கு முழுமையாகச் செல்லவில்லை.

மூலம் எது என்பதில் அறிந்தோரும் ஒத்த கருத்தினர் அல்லர். 2015இல் இரண்டு செய்திகள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களைக் காமிராவின் மூலக் கோப்போடு ஒப்பிட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டனர். அதே ஆண்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், 'ரா'விலிருந்து சமைத்த படங்களை அனுப்ப வேண்டா, காமிராவே ஜேபெக்காகப் பதிந்ததை மட்டும் அனுப்புக என்று வெளிப் படக்காரர்களுக்கு ஆணையிட்டது. ஒருவருக்கு 'ரா'வே சாட்சி. மற்றவருக்கு ஜேபெக்கே சாட்சி, ஏனெனில் கை படுவதற்கு அதில் அவகாசம் இல்லை. டிரைப்பின் மேகங்களை நினைத்தால் இருவர் கட்சியிலும் நியாயம் தோன்றுகிறது. என் அபிப்பிராயம், இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. இடம் போதாதவர், நூற்றில் எழுபது படங்களை இரட்டையோடு நீக்கிவிட்டு, எஞ்சிய முப்பதை இரட்டையோடு காக்கலாம். ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்றை மட்டும் கொல்வது எனக்கு உடன்பாடன்று.

இதனைப் பட்டறிந்தே சொல்கிறேன். மூலத்தைக் கோப்பிற் சேர்க்காமல் மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பலாகாது என்று அலுவலகத்தில் இளையவர்களுக்கு ஓயாமல் சொல்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்துப் பக்கமுள்ள எங்கள் ஊரில், அம்மாவைப் பெற்ற பாட்டி திண்ணையில் அமர்ந்து கனகாம்பரம் தொடுப்பதைப் படமெடுத்தேன். தில்லி திரும்பியதும் ஜேபெக் படங்களுக்கெல்லாம் ஆசையோடு தமிழிற் பெயர் சூட்டினேன். 'ரா' கோப்புகள் பழைய எண்ணோடே கிடந்தன. மென்பொருள் அவற்றை உறவற்றவையாகக் கருதிற்று. நானும் நாளடைவில் மறந்தேன். பின்னொரு நாள் வட்டில் இடமில்லை என்று வந்தபோது, திறக்காத, பெயரற்ற கோப்புகள் ஒரு குவியலாகக் கண்ணிற் பட்டன. அழித்துவிட்டேன்.

பாட்டி காலமானபின் அப்படத்தைப் பெரிதாக்கச் சென்றேன். தெருவெயில் அவர் தோளுக்குப் பின்னால் முழு வெள்ளையாகக் கரைந்திருந்தது. கன்னத்தின் ஒரு பாதியும் அதனோடு போயிற்று. 'ரா' இருந்தால் அக்கன்னத்தை ஓரளவேனும் மீட்டுத் தந்திருப்பேன் என்றார் படம் போட்டுத் தந்தவர்.

அப்படம் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களுக்கு மட்டும் நான் பெயர் மாற்றியிருக்கவில்லை. அவற்றைக் கொண்டு அதன் எண் 4127 என்று கணக்கிட்டறிந்து, சட்டத்தின் பின்புறம் பழைய ஸ்டூடியோக்காரரைப் போலப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.