ஜாபிதாவில் ஒரு பெயர்

1948-ஆம் ஆண்டில், டில்லியிலிருந்த அரசியல் நிர்ணய சபைக் காரியாலயத்துக்கு அசாமிலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. எழுதியவர்கள் மந்திரிகள் அல்லர். பெயர் பெற்ற தலைவர்களும் அல்லர். பிரிவினையின் விளைவாகக் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்து அசாமில் குடியேறியவர்களின் சார்பில், ஊர்ச் சங்கங்களின் காரியதரிசிகள் எழுதினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே: தங்கள் மக்களின் பெயர்களை வாக்காளர் ஜாபிதாவில் சேர்க்க வேண்டும்.

அப்பொழுது நாட்டில் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறவில்லை. தேர்தல் ஆணையம் பிறக்கவில்லை. தேர்தலோ மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தது. அபேட்சகர் யார், கட்சி எது, சின்னம் என்ன என்று எவருக்கும் தெரியாத காலம். இருந்தும் அம்மக்கள் கூடினார்கள், விண்ணப்பம் எழுதினார்கள், தந்தி கொடுத்தார்கள். தேர்தல் வேலை என்றால் சுவரொட்டியும் ஊர்வலமும் ஒலிபெருக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு வெகு முன்னதாக, ஓசையின்றி நடக்கும் ஒரு வேலை உண்டு. அவ்வேலையின் கதையே இன்றைய பேச்சு.

முதலில் ஜாபிதாவின் கதையைச் சிறிது பார்ப்போம். (இன்று பட்டியல் என்கிறோம்; அந்நாளில் எல்லோர் வாயிலும் ஜாபிதாதான்.) 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைப் பொறுத்திருந்தது. ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கே அது கிட்டியது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்ற கொள்கையை அரசியல் நிர்ணய சபை 1947-லேயே ஏற்றுக்கொண்டது. கொள்கையை ஏற்க ஒரு பகல் போதும். கோடிக்கணக்கான பெயர்களை எழுதப் பகல்கள் பல வேண்டும். ஆகவே சபையின் ஆலோசகர் பி. என். ராவின் மேற்பார்வையில் இயங்கிய காரியாலயம், சட்டம் முடியும் வரை காத்திராமல், 1947 நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிற்று. வழிகாட்டத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அனுபவம் கைகொடுத்தது. அங்கே 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் தேர்தல் நடைபெற்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளில் அச்சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. ஆதலால் நாஞ்சில் நாட்டுத் தமிழர்கள், இம்முறையில் வாக்களித்த முதற்கூட்டத்தாரில் சேர்ந்தவர்கள்.

1948 மார்ச்சு 15-ஆம் நாள் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் டில்லியிலிருந்து விதிகள் சென்றன. 1949 ஜனவரி முதல் தேதியில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1948 மார்ச்சு 31-இல் முடியும் ஓராண்டில் குறைந்தது 180 நாட்கள் அவ்விடத்தில் வசித்திருக்க வேண்டும். படிக்கும்பொழுது எளிய விதியாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் முள் தைக்கும். 1947 அக்டோபர் தொடக்கத்துக்குப் பின் எல்லை கடந்து வந்த எவருக்கும் 180 நாட்கள் தேறா. வீடும் வயலும் இழந்து வந்தவருக்கு வாக்கும் இல்லை என்றாகிவிடும்.

அசாமில் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. இடம் மாறித் திரிவோரையும் நிலையாகக் குடியிராதோரையும் சேர்க்கலாகாது என்றும், அகதிகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்றும் 1948 மே மாதத்தில் மாகாண அதிகாரிகள் ஜில்லாக்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தனர். அசாமியர் மனத்திலும் ஓர் அச்சம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தங்கள் நிலமும் மொழியும் வந்தேறியவர் தொகையில் அமிழ்ந்துபோகுமோ என்ற கவலை அது. 2019 ஆகஸ்டு 31-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டபோது, அப்பழைய கேள்வி இன்னும் ஆறவில்லை என்பது தெரிந்தது. அது தனியே பேச வேண்டிய விஷயம்.

இங்கேதான் சங்கங்கள் முன்வந்தன. அசாம் குடிமக்கள் சங்கம் போன்ற அமைப்புகள் செய்த முதற்காரியம், அச்சில் வந்திருந்த நகல் அரசியலமைப்பைப் படித்ததுதான். 1948 பிப்ரவரியில் வெளியான அந்நகலில் 5-ஆம் பிரிவு குடியுரிமையைக் கூறிற்று. இந்தியாவில் நிலையாக வாழும் எண்ணத்தை ஜில்லா மாஜிஸ்திரேட்டின் காரியாலயத்தில் எழுதிக்கொடுத்து உறுதி செய்யலாம் என்பது அதிலிருந்த ஒரு வழி. சங்கத்தார் அவ்வழியைப் பிடித்துக்கொண்டனர். ஆனால் மாஜிஸ்திரேட்டுகள், சட்டமே இன்னும் நிறைவேறவில்லையே, எந்த விதியின்கீழ் இதைப் பெற்றுக்கொள்வது என்று கைவிரித்தனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறவாத சட்டத்தின்படி ஓர் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி இல்லையேல் ஜாபிதாவில் இடமில்லை. ஜாபிதாவில் இடமில்லையேல் சட்டம் பிறந்தபின் வாக்குமில்லை. இந்த முடிச்சைத்தான் சங்கத்தார் டில்லிக்கு எழுதினார்கள்.

தமிழில் மகஜர் என்றொரு சொல் வழங்கிற்று. பலர் கையொப்பமிட்டுத் துரைமார் முன் பணிந்து வைக்கும் விண்ணப்பம் அது. அசாமிலிருந்து வந்த கடிதங்கள் வேறு சாதி. அவற்றில் இரக்கத்தை வேண்டும் குரல் இருந்தாலும், பிரிவின் எண்ணைச் சுட்டி, சுற்றறிக்கை அதனோடு முரண்படுவதைக் காட்டி, விளக்கம் கேட்கும் குரல் அதைவிட ஓங்கியிருந்தது. ஓராண்டுக்கு முன் அந்நிய ஆட்சியின் குடிகளாயிருந்தோர், இன்னும் முழுமை பெறாத ஒரு சட்டத்தை எடுத்துக் காட்டி உரிமை பேசினார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தை ஒர்னித் ஷானி என்ற வரலாற்று ஆசிரியை கோப்புகளிலிருந்து திரட்டி, 2018-இல் ஒரு நூலாக வெளியிட்டார். காரியாலயக் கோப்பு என்றால் முகம் சுளிப்பவர்கள் அந்நூலை அவசியம் படிக்க வேண்டும்.

டில்லிக் காரியாலயம் அக்கடிதங்களைக் குப்பையில் எறியவில்லை. மாகாண அரசினரிடம் விளக்கம் கேட்டது. வேலை நடக்கும் முறையைப் பத்திரிகைக் குறிப்புகளின் மூலம் நாட்டுக்கு அறிவித்தது. அகதிகள் தாங்கள் வந்த இடத்திலேயே நிலையாகத் தங்க எண்ணுவதாக எழுதிக்கொடுத்தால் போதும், நாட்கணக்குப் பார்க்க வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது. 1949 ஜனவரி 8-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு கொண்டுவந்த தீர்மானத்தில் அந்த ஏற்பாடு இடம்பெற்றது. ஒரு காகிதத்தில் எழுதிய எண்ணமே 180 நாட்களுக்கு ஈடாயிற்று. இந்த வெற்றி முழுக்கச் சங்கங்களுடையது என்று சொல்வது மிகையாகும். நல்ல காதுகளும் டில்லியில் இருந்தன. ஆனால் காது கேட்பதற்கு முதலில் குரல் எழ வேண்டியிருந்தது.

குரலே எழாத இடமும் ஒன்று இருந்தது. வடநாட்டின் பல பகுதிகளில், பெயர் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்தனர். நம் பக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். அங்கோ அந்நிய ஆடவனிடம் தன் பெயரையே சொல்லமாட்டாள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே ஜாபிதாவில் ஏறியது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் இதை ஒப்பவில்லை. பெயரில்லாத வாக்காளர் வாக்காளர் அல்லர் என்றார். பீகாரில் திருத்திக்கொள்ள ஒரு மாதம் கூடுதல் அவகாசம் அளித்தபோது அது நன்கு பயன்பட்டது. ராஜஸ்தானத்தில் அதே அவகாசம் பெரும்பாலும் வீணாயிற்று. கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் செல்லாத இடத்தில், அவகாசம் என்பது நாட்காட்டியில் சில தாள்கள்தாம். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளரில் 28 லட்சம் பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. சென் கடுமையாக நடந்துகொண்டார் என்று அன்று குறை கூறியவர்கள் உண்டு. கடுமைதான். ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்கள் பெயர் சொல்லத் தொடங்குவார்கள் என்று அவர் எதிர்பார்த்தது தவறன்று.

பின்னர் நடந்ததை நாடறியும். ஏறத்தாழ 16,500 குமாஸ்தாக்கள் ஆறு மாதங்கள் அமர்ந்து ஜாபிதாக்களைத் தட்டச்சு செய்து முடித்தனர். அவற்றில் இடம்பெற்றோர் 17 கோடிக்கும் மேல். 1951 அக்டோபர் 25-இல் இமாசலத்தின் சீனிப் பகுதியில், பனிக்கு முந்திக்கொண்டு, முதல் வாக்குகள் விழுந்தன. அன்று வாக்களித்த பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி, 2022 நவம்பரில் தம் 105-ஆம் வயதில் காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன்னும் வாக்களித்தார். அத்தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். எழுத்தறியாதவர் தடுமாறக்கூடாதென்று செய்த ஏற்பாடு. 1952 பிப்ரவரியில் வாக்குப்பதிவு முடிந்தது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இக்கதையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாம் அகதிகள் அல்லர். பிழைப்பின் பொருட்டு விரும்பி வந்தவர்கள். எனினும் அன்று அசாமில் எழுந்த கேள்வி, சிறிய உருவில், நம் வாசலிலும் நிற்கின்றது: நாம் எந்த ஊரார்? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலிருந்து 180 நாள் விதி பிற்காலத்தில் நீங்கிவிட்டது. வயதும் 1989 முதல் 18 ஆயிற்று. ஆனால் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் என்ற நிபந்தனை மட்டும் நிலைத்துள்ளது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இச்சொற்றொடர் ஒரு சிறு சோதனை. சாதாரணமாக என்று எழுதினால் எளிமையைக் குறிப்பதுபோல் தொனிக்கும். நிரந்தரமாக என்றால் சட்டம் கேளாததைக் கேட்டதாகும். வழக்கமாக என்பதே பொருந்தும். சொந்த ஊரில் ஒரு வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்வூரில் குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை. சில நாள் வெளியூர் சென்றதனால் குடியிருப்பை இழந்துவிடுவதும் இல்லை. ஒரே ஆள் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் கரோல் பாக்கிலும் பலர் இதில் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார்கள். பெயர் திருநெல்வேலிப் பக்கத்தில், ஆள் பம்பாயில். தேர்தல் நாளன்று ரயிலேற விடுப்பு இல்லை. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் இதற்கொரு வழி சொல்லிற்று. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரம் அது. ஒரே இயந்திரம் 72 தொகுதிகளைக் கையாளும் என்றார்கள். 2023 ஜனவரி 16-இல் கட்சிகளை அழைத்தார்கள். கட்சிகள் பல ஐயங்களைக் கிளப்பின. 2024 பொதுத் தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை.

ஆகவே பழைய வழியே வழி. சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் இசைவிழாவும் நடத்துகின்றன, நடத்தட்டும். அதே மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு, வரைவு ஜாபிதாவை வைத்துக்கொண்டு, தெருத்தெருவாகப் பெயர்களைச் சரிபார்க்கவும் இயலும். புதிதாகச் சேர படிவம் 6; இடம் மாறியவர்க்குப் படிவம் 8. வயதுக் கணக்குக்கான தேதிகள் 2022 முதல் ஆண்டுக்கு நான்காகிவிட்டன: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்கள். வரைவு வெளியான பின் உரிமைகோரல்களுக்கும் ஆட்சேபங்களுக்கும் சில வாரங்களே அவகாசம் உண்டு. பிற மொழி எழுத்தில் நம் பெயர்கள் எப்படியெல்லாம் உருமாறும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அழகு என்பதுபோல் ழகரம் வரும் பெயர்களுக்கெல்லாம் அந்தத் தொல்லை கூடுதல். தந்தை பெயர், வீட்டு எண், வயது ஆகிய மூன்றையும் சேர்த்தே சரிபாருங்கள்.